மருந்தும் மந்திரமும்

மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு இடங்கள் இன்றியமையாதவை. ஒன்று, விளக்கேற்றிக் கைகூப்பும் இடம். மற்றொன்று, உள்ளத்தில் இருப்பதை ஒருவரிடம் ஒளிக்காமற் சொல்லி ஆறும் இடம். ஊரில் இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. கோயிலும் உண்டு, திண்ணையும் உண்டு. பிழைப்பின் நிமித்தம் மும்பைக்கு வந்து, ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாகக் குடித்தனம் நடத்தும் நம்மவர், சுவரில் ஒரு பலகையேனும் அடித்துச் சுவாமி படத்துக்கு இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். திண்ணைக்குத்தான் இடமில்லாமற் போயிற்று.

சென்ற சில மாதங்களாக இப்பகுதிக்கு வந்த கடிதங்களை அடுக்கிப் பார்த்தால், எழுதியோர் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது தெரிகிறது. முதியோர் பெரும்பாலும் எத்துயரத்துக்கும் வழிபாடே மருந்து என்பர். உறக்கமில்லையா, கவசம் சொல். பிள்ளை படிக்கவில்லையா, ஹயக்ரீவரை வேண்டிக்கொள். வீட்டில் சண்டையா, சனீசுவரனுக்கு எள்தீபம் ஏற்று என்பது அவர்கள் காட்டும் வழி. இளைஞரோ, எல்லாம் மனத்தின் வேலை. மனத்தை உறுதியாக வைத்துக்கொண்டால் போதும். கோயில் குளம் என்பனவெல்லாம் வேலையற்றவர் பொழுதுபோக்கு என்பர். இவ்விரு கட்சியாரும் ஒரே கூரையின் கீழ் ஒரே குழம்பைப் பகிர்ந்துண்டு வாழ்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. வேடிக்கையாக இருக்கும் வரையில் நாம் அதில் தலையிட வேண்டுவதில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு உண்மையாகவே நோய் வந்துவிடும்போது வேடிக்கை வினையாகிவிடுகிறது.

புறநகரில் வாழும் ஒரு சகோதரி இம்மாதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டமையால் விஷயத்தை மட்டும் சொல்லுகிறோம். அவருடைய மாமியாருக்கு வயது 68. திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமத்தில் வாழ்ந்தவர், சென்ற ஐப்பசியில் கணவரை இழந்தார். தனியே விட மனமில்லாமல் இளைய மகன் அழைத்துவந்து, ஐந்தாவது மாடியிலுள்ள தம் வீட்டில் வைத்துக்கொண்டார். வந்த புதிதில் அம்மூதாட்டி பேத்திகளுக்குத் தலை வாரிவிட்டார், கதை சொன்னார். சில மாதங்களாக நிலை மாறிவிட்டது. இரவு உறக்கம் இல்லை. விடியற்காலை 3 மணிக்கே விழித்துச் சன்னலருகே அமர்ந்துவிடுகிறார். இரண்டு கவளம் உண்டு தட்டைத் தள்ளிவிடுகிறார். யாவற்றினும் மேலாக, ஐம்பது ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் ஏற்றிய விளக்கைத் தொட மறுக்கிறார். கேட்டால், "நான் தொட்டால் ஆகாது அம்மா, நான் பாவி" என்கிறாராம்.

மூத்த மகன் ஊரிலிருந்து பேசுகிறார்: "கிரகதோஷம் என்று சோதிடர் சொல்லிவிட்டார். பரிகாரத்துக்கு நாள் குறித்தாயிற்று. அம்மாவை ரெயில் ஏற்றி அனுப்பிவை." இளைய மகன், மனநல மருத்துவரிடம் காட்டியாக வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவர் இடையிற் புகுந்து, "பைத்திய டாக்டரிடம் போனார்கள் என்று பெயர் வந்துவிட்டால், நாளைக்கு உங்கள் பெண்களை யார் வந்து கேட்பார்கள்?" என்கிறார். அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொள்வதே நின்றுவிட்டது. சகோதரி தம் கடிதத்தின் முடிவில் கேட்கிறார்: "விளக்கேற்றும் இதே கையால் அத்தைக்கு மன நோய்க்கான மாத்திரையையும் எடுத்துக் கொடுத்தால், தெய்வத்தின்மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று பொருளாகுமா?"

இக்கேள்விக்கு விடை கூற நாம் மருத்துவர் அல்லோம்; சமயச் சொற்பொழிவாளரும் அல்லோம். பத்தாம் வகுப்பு வரை படித்து, ரெயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் அமர்ந்து காலம் கழிக்கிறோம். ஆயினும், பெரியோர் எழுதிவைத்தவற்றையும் இக்காலத்தார் ஆராய்ந்து கண்டவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விடை மறைவாக இல்லை என்றே தோன்றுகிறது.

சைவ சித்தாந்தம் கற்றோர், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கையும் அந்தக்கரணங்கள் என்பர். கரணம் என்றால் கருவி. காண்பதற்குக் கண் கருவியாவது போல, நினைப்பதற்கு மனம் கருவி. கருவியை உடையது உயிர். கருவி வேறு, அதனை உடையது வேறு என்பதில் நம் முன்னோருக்கு ஐயம் இருந்ததில்லை. கண்ணிற் புரை விழுந்தால் கண் மருத்துவரிடம் செல்கிறோம். பக்தி குறைந்தமையாற் பார்வை குறைந்தது என்று எவரும் சொல்லுவதில்லை. அறுவை முடிந்து கண் தெளிந்தபின், முதல் வேலையாகக் கோயிலுக்குச் சென்று சுவாமியைக் கண்குளிரக் காண்கிறோம். அங்ஙனமாயின், மனமென்னும் கருவி பழுதுபட்டால் மட்டும் அதனை உயிரின் குற்றமாகவும் ஒழுக்கக் குறைவாகவும் கொள்வது ஏன்? அம்மூதாட்டி தம்மைப் பாவி என்று சொல்லுவது அவர் உயிரின் கூற்று அன்று. நோயுற்ற கருவியின் கூற்று. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாகத் தோன்றும் என்று ஊரிற் சொல்லுவார்கள். மனச்சோர்வு என்னும் நோய் வந்த மனத்துக்குத் தான் செய்ததெல்லாம் பாவமாகத் தோன்றுகிறது. காரணமற்ற குற்றவுணர்ச்சியும், விடியுமுன் விழித்துக்கொள்ளுதலும், உணவில் வெறுப்பும் அந்நோயின் அடையாளங்கள் என்று மருத்துவர் கூறுகின்றனர்.

ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதை சிகிச்சையை மூன்று வகையாகப் பகுக்கிறது. முதலாவது, தெய்வத்தைச் சார்ந்தது. மந்திரம், நோன்பு, வழிபாடு முதலியன இதில் அடங்கும். இரண்டாவது, யுக்தியைச் சார்ந்தது. உணவும் மருந்தும் தக்கவாறு அளித்தல். மூன்றாவது, சத்துவாவஜயம், தீமை பயக்கும் விஷயங்களினின்றும் மனத்தை மீட்டு நிறுத்துதல். இம்மூன்றும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மருந்தா மந்திரமா என்னும் வழக்கு பழைய நூலில் இல்லை. நம் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது.

திருக்குறளின் அமைப்பும் சிந்திக்கத் தக்கது. அறத்துப்பாலில் துறவறவியல் என்னும் பகுதி உயிரின் ஈடேற்றத்தைப் பற்றியது. மெய்யுணர்தல் அதில் 36-ஆம் அதிகாரமாக வருகிறது. அதற்கு முன்னரே 30-ஆம் அதிகாரம் வாய்மை, 31-ஆம் அதிகாரம் வெகுளாமை, 32-ஆம் அதிகாரம் இன்னா செய்யாமை என நிற்கின்றன. தவம் 27-ஆம் அதிகாரம். அதனை அடுத்தே பொய்வேடத்தைக் கண்டிக்கும் கூடாவொழுக்கம் வைக்கப்பட்டுள்ளது. கோபத்தைக் காத்துக்கொள்வது மனத்தின் வேலையாயிற்றே, அதனைத் துறவியருக்குரிய இயலில் ஏன் வைத்தார் என்று கேட்கலாம். மனத்தைச் செப்பஞ்செய்யாமல் மெய்யுணர்வுக்குத் தாவ முடியாது என்பதே அதன் கருத்தாக நமக்குத் தோன்றுகிறது. இரண்டு மணி நேரம் பூசை செய்துவிட்டு எழுந்தவுடன், காப்பி ஆறிப்போயிற்று என்று மனைவிமேல் பாய்கிறவர், 36-ஆம் படியில் நிற்பதாக எண்ணிக்கொண்டு 31-ஆம் படியிலேயே இடறி விழுகிறவர்.

ஆன்மிகத்தின் பெயரால் மனத்தின் நோயைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் மன நோயாளரை அழைத்துச் செல்வது நெடுநாளைய வழக்கம். தர்காவைச் சுற்றிலும், அவர்களைக் காசுக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளும் தனியார் விடுதிகள் தோன்றின. சங்கிலியிற் பிணைத்து வைப்பது அங்கே நடைமுறையாயிருந்தது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், அத்தகைய விடுதி ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியிற் கட்டுண்டிருந்தோர் ஓட இயலாமல் மாண்டனர். இறந்தவர் தொகை 28. உச்ச நீதிமன்றம் தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது, அவ்விடுதிகள் மூடப்பட்டன. மாண்ட அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். அண்டை அயலார் என்ன சொல்லுவார்களோ என்ற அச்சமும், வேறு வழி அறியாமையும், தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்ற ஆறுதலும் கூடி அவர்களை அங்கே கொண்டுசென்றன. நம் சகோதரியின் உறவினர் பேசும் பேச்சும் அதே அச்சத்தின் பேச்சுதான்.

இதனைப் படிக்கும் இளைஞர், "பார்த்தீர்களா, கோயிலும் தர்காவும் வேண்டாமென்று நாங்கள் சொன்னது சரிதானே?" என்று எழுந்துவிடக் கூடாது. அவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. அதுவும் தமிழ்நாட்டுச் செய்தியே. மன நோயாளர் வந்து தங்கும் முத்துசுவாமி கோயில் என்னும் ஓர் ஆலயத்தை ஆராய்ச்சியாளர் சிலர் 2000-ஆம் ஆண்டில் நேரிற் சென்று ஆராய்ந்தனர். அவர்களுள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தாரும் இருந்தனர். கடும் மன நோயோடு வந்து தங்கிய 31 பேரை, வந்த நாளிலும் திரும்பிச் செல்லும் நாளிலும் அளந்து பார்த்தனர். சராசரியாக 6 வாரம் தங்கியிருந்த அவர்களுக்கு, நோயின் கடுமையைக் காட்டும் புள்ளி ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வு 2002-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் வெளிவந்தது.

அக்கோயிலில் நடந்தது என்ன? பேயோட்டுதல் இல்லை, அடி உதை இல்லை. காலையிற் சிறிது நேர வழிபாடு. பின்னர்ப் பெருக்குதல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் போன்ற இலேசான வேலைகள். நோயாளரோடு குடும்பத்தார் ஒருவர் உடன் தங்கியிருந்தார். நோயாளரை எவரும் ஏளனம் செய்யவில்லை. இவ்வளவே. 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை; இதனைக் கொண்டு மருந்தே வேண்டாமென்று எவரும் துணிந்துவிடக் கூடாது. ஆயினும் ஒன்று விளங்குகிறது. அன்பான சூழலும், ஒழுங்கான நாட்பொழுதும், தன்னினும் பெரிதான ஒன்றின் முன் அமர்ந்திருக்கும் அமைதியும் நோயுற்ற மனத்தைத் தொடுகின்றன. ஏர்வாடியிற் கொன்றது வழிபாடு அன்று, சங்கிலி. முத்துசுவாமி கோயிலில் ஆற்றியது வழிபாடு மட்டும் அன்று. அதனோடு சேர்ந்த மனிதரின் பரிவும்கூட.

இவ்விரண்டு பாடங்களையும் ஒருங்கே கற்றவர்கள் குஜராத்தில் தோன்றினர். அங்கே உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில், பிரார்த்தனைக்கு வருவோரை அங்கேயே மனநல மருத்துவரும் கண்டு மருந்து கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. தர்காவின் முஜாவர்களே நோயாளரை மருத்துவரிடம் கைபிடித்து அழைத்துச் செல்கின்றனர். மருந்தும் துஆவும் என்பது அத்திட்டத்தின் பெயர். ஏர்வாடியிலும் பின்னர் அதே முறை கைக்கொள்ளப்பட்டது. தீயில் 28 உயிரைப் பறிகொடுத்த ஊர், மருந்துக்கும் மந்திரத்துக்கும் சண்டையில்லை என்று காட்டியது. அண்ணனும் தம்பியும் பேசாமலிருக்கும் வீடு கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

இப்போது சகோதரிக்கு நம் விடை. அம்மா, உங்கள் அத்தைக்கு மாத்திரை கொடுக்கும் கை விளக்கேற்றும் கையின் தூய்மையை இழப்பதில்லை. நோயுற்றாருக்குச் செய்யும் பணிவிடை வழிபாடே என்று நம் சமயங்கள் யாவும் சொல்லுகின்றன. முதற்கண் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். துக்கத்தில் உறக்கமும் உணவும் குறைவது இயல்பு. ஆயினும் சோர்வும் உறக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்து, ‘நான் பாவி’ என்ற எண்ணமும் சேருமானால், காத்திருக்கலாகாது. முதலிற் பொது மருத்துவரிடமே செல்லலாம். முதியோருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவாலும், வைட்டமின் பி-12 குறைவாலும் இத்தகைய சோர்வு வருவதுண்டு. ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். பின்னர் மனநல மருத்துவர் மருந்து கொடுத்தால், அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். நான்கு நாளிற் குணம் தெரியவில்லை என்றோ, சற்றுத் தெளிந்தவுடன் போதும் என்றோ, மருத்துவரைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, வாழ்ந்து பயனில்லை என்றாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மைத்துனரோடு சண்டை வேண்டா. பரிகாரம் செய்வது அவர் தாய்மேல் வைத்த அன்பின் வடிவம். "பரிகாரத்தை நீங்கள் அங்கே செய்யுங்கள், மருந்தை நாங்கள் இங்கே கொடுக்கிறோம், அம்மா தேறியபின் இருவருமாகச் சேர்ந்து கோயிலுக்கு அழைத்துச் செல்வோம்" என்று உங்கள் கணவர் அண்ணனிடம் பேசட்டும். இரண்டு நாள் ரெயிற்பயணத்தில் இப்போது அவரை அலைக்கழிப்பது மட்டும் ஆகாது. பயணம் செய்வோரின் முகங்களை அன்றாடம் பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதனை அழுத்தமாகவே சொல்லுகிறோம்.

உங்கள் அத்தைக்கு மற்றொரு குறையும் இருக்கிறது. கணவரை இழந்தார், அதனோடு மொழியையும் இழந்தார். ஊரிற் காலையில் வாசல் தெளிக்கும்போதே நான்கு பேரிடம் பேசியிருப்பார். இங்கே ஐந்தாவது மாடியிற் கதவைத் திறந்தால் மராத்தியும் இந்தியும்தான் காதில் விழுகின்றன. பகல் முழுவதும் ஒரு தமிழ்ச் சொல்லுக்குக் காத்திருப்பவரின் மனம் வாடாமல் என்ன செய்யும்? தமிழ் பேசும் முதிய அன்னையர் அக்கம்பக்கத்தில் இருப்பின், வாரம் இரண்டு முறையேனும் ஒருவர் வீட்டில் கூடிக் கீரை ஆய்ந்துகொண்டு பேசட்டும். அதுவே நாம் இழந்த திண்ணை. விளக்கை ஏற்றுமாறு அவரை வற்புறுத்த வேண்டா. நீங்கள் ஏற்றுங்கள், அவர் அருகில் அமர்ந்திருக்கட்டும். திரியைத் திரித்துத் தருமாறு மட்டும் கேளுங்கள். கை பழகிய வேலை மனத்தை மெல்ல அழைத்துவரும்.

பெண்களின் திருமணத்தைப் பற்றி அஞ்சும் உறவினருக்கும் ஒரு வார்த்தை. 2015-16-ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் எடுக்கப்பட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோருள் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. காலை நேர மின்வண்டியின் ஒரு பெட்டியில் 200 பேர் நெருக்கிக்கொண்டு நின்றால், அவர்களுள் 20 பேருக்கு மேல் அத்தகைய துன்பத்தோடு நிற்கிறார்கள் என்று கொள்ளலாம். பெண் கேட்டு வரும் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். 2018-ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரின் விவரத்தை இரகசியமாகக் காக்க வேண்டுமென்கிறது. சங்கிலியிற் பிணைப்பதைத் தடுக்கிறது. மருத்துவக் காப்பீட்டில் மன நோயையும் உடல் நோய்க்கு நிகராக நடத்தச் சொல்லுகிறது. சட்டம் வெட்கப்படாத விஷயத்துக்கு நாம் வெட்கப்பட வேண்டுவதில்லை.

நோயற்றவர்களுக்கும் இதில் கற்க வேண்டியது உண்டு. நாளும் நாம் பார்க்கும் இருப்புப்பாதையையே எடுத்துக்கொள்வோம். அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர் தொலைவு. அவை ஒன்றையொன்று விழுங்குவதுமில்லை, விட்டு விலகுவதுமில்லை. நேரான பாதையில் இரண்டும் ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. ஆனால் வளைவு வரும்போது வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி அமைக்கிறார்கள். இல்லையேல் வேகத்தில் வரும் வண்டி வெளியே சாயும். சமநிலை என்பது எப்போதும் இரண்டையும் சமமாக நிறுத்துவது என்று பொருளாகாது. வளைவுக்குத் தக்கபடி ஒன்றைச் சிறிது உயர்த்திக்கொள்வதும் சமநிலையே. நோய் வந்த காலத்தில் மருத்துவம் உயரட்டும். எந்த மருத்துவத்தாலும் மாற்ற முடியாத பிரிவும் மூப்பும் வரும் காலத்தில் வழிபாடு உயரட்டும். மனத்தின் உறுதியை மட்டுமே நம்பும் இளைஞர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. முயற்சியால் ஆகக்கூடியவற்றுக்கு உறுதி போதும். முயற்சியால் ஆகாதவற்றின் முன் மனிதனுக்கு வேண்டியது, தலைசாய்க்க ஓர் இடம்.

அன்றாட வாழ்வில் இதனைக் கடைப்பிடிப்பது எங்ஙனம்? அதற்கு நீண்ட விதிகள் வேண்டா. முதலாவது, உறக்கத்தைத் திருடிப் பூசை செய்யாதிருத்தல். நம்மவருள் இரவுப் பணி பார்ப்பவர் பலர். காலை 7 மணிக்கு வீடு திரும்பியவர், குளித்துவிட்டு ஒரு மணி நேரம் பாராயணம் செய்தே ஆகவேண்டுமென்று கண் சிவக்க உட்காருகிறார். பகலில் உறங்காமல், மாலையிற் குழந்தைகள்மேல் எரிந்து விழுகிறார். பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம், உணவிலும் உறக்கத்திலும் உழைப்பிலும் அளவோடிருப்பவனுக்கே யோகம் கைகூடும் என்கிறது. இரவுப் பணி முடித்தவருக்கு ஐந்து நிமிட வணக்கமும் ஆறு மணி நேர உறக்கமுமே அன்றைய அனுட்டானம்.

இரண்டாவது, நாட்கணக்கை முடித்தல். டிக்கெட் கவுண்டரில் பணி முடியும்போது, விற்ற டிக்கெட்டின் கணக்கும் கையிலுள்ள ரொக்கமும் ஒத்துவர வேண்டும். குறைந்தால் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். மிகுந்தாலும் கணக்கிற் காட்டி ஒப்படைக்க வேண்டும். கணக்கை முடிக்காமல் எழுந்து செல்ல முடியாது. அதுபோலவே இரவு விளக்கணைக்குமுன், பூசையிற் சொன்ன சொல்லும் பகலிற் பேசிய பேச்சும் ஒத்துவந்தனவா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். குறைந்தால் மறுநாட்காலை அந்த ஆளிடம் ஓர் இன்சொல்லால் கட்டிவிடலாம்.

மூன்றாவது, வீட்டிற் சாய்ந்து பேச ஒரு வேளை வைத்துக்கொள்ளுதல். கைப்பேசியை ஒதுக்கிவிட்டு, இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணியில் புத்திமதி கூறக் கூடாது. கேட்க மட்டும் வேண்டும். பிள்ளை, "பள்ளியில் என்னைக் கேலி செய்கிறார்கள்" என்றால், உடனே திருநீறு இட்டு அனுப்பிவிடாமல் என்ன கேலி, யார் செய்தார் என்று கேட்போம். கேட்டு முடித்த பிறகு திருநீறும் இடுவோம். முன்னது மனத்துக்கு, பின்னது உயிருக்கு.

நான்காவது, வாரத்தில் ஒரு நாள், தமக்கென்று எதுவும் வேண்டிக்கொள்ளாமல் பிறருக்காக ஒன்று செய்தல். புதிதாக ஊரிலிருந்து வந்த குடும்பத்துக்கு ரேஷன் அட்டை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும், மருத்துவமனையில் மொழி தெரியாமல் நிற்பவருக்குத் துணை நிற்பதும் அத்தகையனவே. தன் துயரையே எண்ணி எண்ணிச் சுழலும் மனத்துக்கு அதைவிட நல்ல வெளிவாயில் இல்லை. உயிருக்கு அதைவிட நல்ல வழிபாடும் இல்லை.

முடிவாக ஒன்று. மன வேதனையோடு தவிக்கும் எவரும் கட்டணமின்றிப் பேசுவதற்கு, மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உதவியைத் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நம் வீடுகளிற் பெரும்பாலும் தமிழ் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. காலையில் எழுந்து இராகுகாலமும் எமகண்டமும் பார்க்கும் அத்தாளின் ஓரத்தில், எல்லோருக்கும் தெரியுமாறு அந்த எண்ணையும் பெரிதாக எழுதி வையுங்கள். நல்ல நேரம் பார்ப்பதற்கும், கெட்ட நேரத்தில் உதவி கேட்பதற்கும் ஒரே நாட்காட்டி போதும்.